குருசடையைக் கட்டியவர்கள்

மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டிப் பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும் 2025-இல் திறந்த புதிய பாலத்தையும் பார்க்க எல்லோரும் எழுந்து நிற்கிறோம். மனிதன் கட்டியதை வியப்பதில் பிழையில்லை. ஆனால் தெற்கே, நீலத்தின் நடுவே பச்சைக் கோடாகக் கிடக்கும் குருசடைத் தீவை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

குந்துகாலிலிருந்து படகில் போனால் விரைவில் வந்துவிடுகிற தீவு அது. கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால் சங்கின் சில்லும் பவழத்தின் துணுக்குமாக இருக்கிறது. தீவைத் தாங்கும் திட்டையே கட்டி எழுப்பியவை பவழ உயிர்கள். அவற்றில் ஒன்று மல்லிகை மொட்டைவிடச் சிறியது. நம் ஊர் மொட்டைப் போலவே பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் விரிகிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தன் அடியில் கல்லாகப் படியவைத்து, அதன்மேல் வாழ்கிறது. அந்த மெல்லிய உடலுக்குள், கண்ணுக்கே தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு ஆக்கித் தருகிறது. பவழம் அதற்கு இடமும் எருவும் தருகிறது. கோடையில் நீரின் சூடு வழக்கத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி ஏறி நீடித்தால் போதும், பாசி வெளியேறிவிடும், பவழம் வெளுத்துவிடும். 2016-இல் இந்த மன்னார் வளைகுடா அதைக் கண்டது. இத்தனை பெரிய கடலின் செழிப்பு இத்தனை சிறிய இடைவெளிக்குள் நிற்கிறது என்று உணரும்போது, நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

தீவின் சேற்று மணலுக்குள் பெலனோகிளாசஸ் என்ற புழுவும் வாழ்கிறது. எலும்பில்லாத, தொட்டால் அறுந்துபோகும் உடம்பு. ஆனால் அதன் தொண்டையில் வரிசையாகச் செவுள் துளைகள்! முதுகெலும்புள்ள உயிர்களுக்கெல்லாம் அது தூரத்து உறவு. அந்தத் துளைகளின் சாயல் தாயின் கருவில் நம் கழுத்திலும் தோன்றி மறைந்தது. சேற்றில் கிடப்பதை அற்பம் என்று தள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அவை கடல் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்காகப் பவழத்தை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தோம்; இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001-இல் பவழத்துக்கும் வனவிலங்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து தூத்துக்குடி ஆய்வாளர்கள் உயிருள்ள பவழக் கிளைகளைச் சட்டகங்களில் கட்டி, அழிந்த திட்டுகளில் நட்டுவருகிறார்கள். பிடித்துக்கொண்ட கிளைகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்கின்றன.