எஞ்சினைக் காக்கும் சிறு துளை

ஸ்ரீரங்கத்தின் ஒருபுறம் காவிரியும் மறுபுறம் கொள்ளிடமும் ஓடுவதை அறிவீர்கள். இரண்டும் முக்கொம்பில் பிரிகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே காவிரியின் நீர் பெரும்பாலும் அதற்குள் இறங்கிவிடும் அபாயம் இருந்தது. அதைத் தடுக்கவே 1830களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார்.

பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பு. குறுக்கே மேடு இருந்தால் நின்றுவிடும். ஆனால் நீர் நிறைந்த குழாய் ஒன்று கிடைத்தால், அந்த மேட்டையும் ஏறிக் கடந்துவிடும்! எப்படி?

ஒரு வாளி நீரை முக்காலியின் மேல் வையுங்கள். ஒரு ரப்பர் குழாயில் நீரை நிரப்பி, இரு முனைகளையும் விரலால் மூடுங்கள். ஒரு முனையை வாளி நீருக்குள் அமிழ்த்தி, மறு முனையைத் தரையிலுள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு, விரல்களை எடுங்கள். நீர் வாளியின் விளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டும். தொங்கும் பகுதியிலுள்ள நீர் தன் எடையால் இறங்க, குழாயின் உச்சியில் அழுத்தம் குறைகிறது. வாளி நீரின்மேல் அழுத்தும் காற்று, நீரை உச்சிக்கு ஏற்றுகிறது. இதுவே வடிகுழாய்.

இப்போது குழாயின் உச்சியில் ஆணியால் ஒரு துளையிடுங்கள். காற்று உள்ளே புகுந்து நீர்த்தொடர் அறுபடும், ஓட்டம் நின்றுவிடும்.

இந்தத் துளையைத்தான் கடலோடிகள் நம்பியிருக்கிறார்கள். பாய்மரப் படகிலும் ஒரு டீசல் எஞ்சின் உண்டு. காற்று ஓய்ந்தாலும், துறைமுகத்துக்குள் நுழையவும் அது வேண்டும். பல படகுகளில் அது கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கும். ஒரு பம்பு கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கிறது. பின்னர் அந்நீர் புகைக்குழாயில் பீய்ச்சப்பட்டுப் புகையின் சூட்டைத் தணிக்கிறது. இரண்டும் ஒரு சிறு தொட்டியில் சேர, புகையின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது.

எஞ்சினை நிறுத்தியதும் என்ன ஆகும்? தள்ளுவதற்குப் புகை இல்லை. கடல் மேலே, எஞ்சின் கீழே. நம் வாளியும் பாத்திரமும் போலத்தான்! நீர் பம்பின் இடுக்கு வழியே மெல்லக் கசிந்து, தொட்டியை நிரப்பி, திறந்திருக்கும் வால்வின் வழியே சிலிண்டருக்குள் புகும். காற்றை எளிதில் அமுக்கலாம். நீரை அப்படி அமுக்க முடியாது. இதையறியாமல் எஞ்சினைக் கிளப்பினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துபோகும்.

2024 அக்டோபரில் இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகு கோவாவிலிருந்து புறப்பட்டது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் அதில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினர். இத்தகைய பயணத்தின் நடுவே எஞ்சின் பழுதானால் மெக்கானிக்குக்கு எங்கே போவது?

ஆகவேதான் குளிர்நீர்க் குழாயைப் புகைக்குழாயில் சேர்க்குமுன், கடல்மட்டத்துக்கு நன்கு மேலே உயர்த்தி வளைக்கிறார்கள். வளைவின் உச்சியில் ஒரு காற்று வால்வு இருக்கும். பம்பு ஓடும்போது நீரழுத்தம் அதை மூடிவைக்கும். பம்பு நின்றதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். படகு சாய்ந்து ஓடும்போதும் வளைவு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கவேண்டும். அதனால் அதைப் படகின் நடுவாட்டில் பொருத்துவார்கள். பின்னாலிருந்து மோதும் அலை உள்ளே ஏறாதபடி, புகைக்குழாயையும் உயர வளைத்தே வெளியே விடுவார்கள்.

எஞ்சின் கிளம்ப மறுத்தால் ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றுவதும் ஆபத்து. பம்பு நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றப் புகை இராது.

இன்னும் ஓர் எதிரி உண்டு, அது உப்பு. வால்வில் உப்புப் படிந்தால் காற்று புகாது. ஆகையால் அதை அவ்வப்போது நன்னீரில் கழுவவேண்டும். உங்கள் குழாயில் மறுபடி நீர் நிரப்பி, துளையை விரலால் மூடிக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நீர் முன்போலவே ஓடும். உப்பு அடைத்துக்கொள்வதும் அந்த விரல் செய்யும் வேலையைத்தான்!