பழந்துணியும் கயிறும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,



வார்டுகளைச் சுற்றி வரும்போது நோயாளிகள் பெரும்பாலும் தைரியத்துக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். அவர்களைப் பராமரிக்கிறவர்களோ பொறுமைக்காகவும் இரக்கத்துக்காகவும் ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். படுத்திருப்பவருக்குத் தைரியம், பக்கத்தில் நிற்பவருக்கு இரக்கம் என்று நாமும் இவ்விரண்டையும் பிரித்து வைத்துவிடுகிறோம். பரிசுத்த வேதாகமம் அப்படிப் பிரிப்பதில்லை. பிரசங்கங்களில் நாம் அதிகம் கேள்விப்படாத ஒரு மனிதனைக்கொண்டு இதை விளக்க விரும்புகிறேன். அவன் பெயர் எபெத்மெலேக்கு.

துரவில் கிடந்த தீர்க்கதரிசி

எரேமியா 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரத்தில் அப்பம் தீர்ந்துபோகிறது. சரணடைகிறவன் பிழைப்பான் என்று எரேமியா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இது யுத்தவீரரின் கைகளைத் தளரச் செய்கிறது என்று நான்கு பிரபுக்கள் ராஜாவிடம் போய், அவரைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். சிதேக்கியா ராஜா, உங்களுக்கு விரோதமாய் நான் ஒன்றும் செய்யக் கூடாது என்று கையை விரித்துவிடுகிறான். அவர்கள் எரேமியாவை ஒரு துரவில் இறக்கிவிடுகிறார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது. அவர் அதில் அமிழ்ந்துபோனார்.

அந்தப் பிரபுக்கள் சாமானியர்கள் அல்ல. எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் நடந்த அகழாய்வில் 2005-லும் 2008-லும் இரண்டு சிறிய களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. நால்வரில் யூகால், கெதலியா ஆகிய இருவரின் பெயர்களும், தகப்பன்மாரின் பெயர்களோடு, அவற்றில் காணப்படுகின்றன. முத்திரை வைத்து உத்தரவிடும் அதிகாரம் படைத்தவர்கள் அவர்கள்.

எபெத்மெலேக்கோ அரமனையில் வேலை செய்த எத்தியோப்பியன், அந்நியன். அவன் பெயருக்கு 'ராஜாவின் ஊழியக்காரன்' என்றுதான் அர்த்தம். துரவைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் அவன் அரமனையை விட்டுப் புறப்பட்டு, ராஜா உட்கார்ந்திருந்த பென்யமீன் வாசலுக்கே போகிறான். இந்த மனுஷர் செய்தது பொல்லாப்பு, அவர் அங்கே பசியினால் சாவார் என்று ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்லுகிறான். ராஜா முப்பது பேரை அவனோடு அனுப்புகிறான்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். எபெத்மெலேக்கு நேரே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறையின் கீழிருந்த இடத்துக்குப் போய், பழந்துணிகளையும் கந்தைகளையும் பொறுக்கியெடுத்து, கயிற்றிலே உள்ளே இறக்குகிறான். இவைகளை உம்முடைய அக்குளில் கயிறுகளுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் என்கிறான். உளையில் புதைந்த ஒருவரை வெறுங்கயிற்றால் இழுத்தால் தோல் கிழிந்துபோகும். அத்தனை அவசரத்திலும் அதை யோசித்தவன் அவன். வாசலில் ராஜாவிடம் பேசியது தைரியம். அக்குளுக்குத் துணி தேடியது இரக்கம். இரண்டும் ஒரே மனிதனிடத்தில், ஒரே நாளில்!

இரண்டு பயங்கள்

எபெத்மெலேக்கு பயமறியாதவன் என்று எண்ணிவிடாதேயுங்கள். அடுத்த அதிகாரத்தில் (39:15-18) கர்த்தர் அவனுக்கு ஒரு வாக்குத்தத்தம் அனுப்புகிறார். நீ பயப்படுகிற மனுஷரின் கையில் ஒப்புக்கொடுக்கப்படமாட்டாய் என்பது அதன் சாரம். ஆகவே அவனுக்குப் பயம் இருந்தது, கர்த்தர் அதை அறிந்தும் இருந்தார். சிதேக்கியா ராஜாவும் தான் பயப்படுவதாக எரேமியாவிடம் இரகசியமாய் ஒத்துக்கொள்ளுகிறான் (38:19). இருவருக்கும் பயம் இருந்தது. ராஜா தனக்கு என்ன நேரிடுமோ என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஊழியக்காரனோ துரவில் கிடப்பவருக்கு என்ன நேரிடுமோ என்று எண்ணினான். கர்த்தரை நம்பியபடியினால் அவன் தப்பினான் என்று வேதம் சொல்லுகிறது.

ஆகவே வேதம் காட்டும் தைரியம் பயமில்லாத நிலை அல்ல. பிறருடைய வேதனை நம்முடைய பயத்தைவிடப் பெரிதாகிறபோது பிறப்பது அது. இரக்கத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'கர்ப்பப்பை' என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து வருகிறது. சுவிசேஷங்களில் 'மனதுருகி' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் வயிற்றின் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. புதிய ஏற்பாட்டில் அது 12 இடங்களில் வருகிறது. பெரும்பாலும் அதை அடுத்தே ஒரு செயல் வரும். தொடுவார், போஷிப்பார், ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்.

குஷ்டரோகியை ஆண்டவர் தொட்டதைப் பாருங்கள் (மாற்கு 1:40-45). அக்காலத்தில் குஷ்டம் என்ற சொல் பலவிதத் தோல் நோய்களைக் குறித்தது. அப்படிப்பட்டவன் பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். ஆண்டவர் மனதுருகி, கையை நீட்டித் தொட்டார். செய்தி பரவியதால் பட்டணத்துக்குள் வெளியரங்கமாய்ப் போகக்கூடாமல் அவர் வனாந்தரமான இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவன் உள்ளே போக வழி பிறந்தது, உள்ளே இருந்தவர் வெளியே தங்கினார். இரக்கத்துக்கு ஒரு விலை உண்டு.

வாசலில் நின்ற போதகர்

இதை எழுதும் எனக்கே ஒரு அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில், நான் ஊழியத்துக்குப் புதியவனாய் இருந்த நாட்களில், அந்த நோயோடு ஒரு வாலிபர் வார்டின் கடைசி அறையில் இருந்தார். தொடுவதாலோ பேசுவதாலோ அது பரவாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் நான் வாசலிலேயே நின்று, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் போனபோது ஒரு நர்ஸ் அம்மா உள்ளே இருந்தார். பெண்கள் ஐக்கியத்தார் துவைத்து மடித்துக் கொடுத்திருந்த பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, அந்த வாலிபரின் குதிகாலுக்கும் இடுப்புக்கும் அடியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பயமாயில்லையா சிஸ்டர்?" என்று கேட்டேன். "பயம் இருக்கத்தான் செய்யுது ஐயா. ஆனா இப்படியே விட்டா இவருக்குப் புண்ணு வந்துருமே" என்றார்.

நான் உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அந்த வாலிபர் கோபமின்றிச் சொன்னார்: "நேத்து நீங்க ஜெபம் பண்ணினது எனக்குக் கேக்கலைங்க ஐயா."

அந்த வார்த்தையை இன்றுவரை நான் மறக்கவில்லை. சில வாரங்களில் அவர் காலமானார். அன்று அவருக்குக் கொடுக்க மருந்தில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கமே கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அருகில் வந்து உட்காருவதற்கு அன்றும் மருந்து தேவைப்படவில்லை, தைரியம்தான் தேவைப்பட்டது.

திமிர்வாதக்காரனுக்கும், பெரும்பாடுள்ள ஸ்திரீக்கும், கடலில் தவித்த சீஷர்களுக்கும் ஆண்டவர் சொன்ன ஒரு வார்த்தை 'திடன்கொள்' என்பது. அவர் அதைத் தூரத்திலிருந்து சொல்லியனுப்பவில்லை, அவர்கள் இருந்த இடத்திலேயே சொன்னார். பக்கத்தில் ஒருவர் இரக்கத்தோடு வரும்போது, படுத்திருப்பவருக்கும் தைரியம் பிறக்கிறது. துணியை அக்குளில் வைத்துக் கயிற்றைப் பற்றிக்கொள்ள எரேமியாவுக்கும் அந்தத் திடன் வேண்டியிருந்ததல்லவா?

அன்பான பங்காளர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை சிறியது என்று சில சமயம் கடிதத்தில் எழுதுகிறீர்கள். ராஜாவின் பொக்கிஷ அறையிலிருந்த பொன்னைப் பற்றி அந்த அதிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் கீழே கிடந்த கந்தைத் துணியைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பஞ்சும் துணியும் பணமும் ஜெபமும் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் வைக்கப்படுகின்றன.

உங்கள் ஊரிலும் யாரும் உள்ளே போகத் தயங்கும் ஒரு வீடு இருக்கக்கூடும். வாசலில் நின்றுவிடாதேயுங்கள். நோயாளிகளுக்காகவும், இரவு பகலாய் அவர்களண்டை நிற்கும் எங்கள் ஊழியர்களுக்காகவும், வாசலைத் தாண்டும் கிருபை எனக்கு நாள்தோறும் கிடைக்கும்படியாகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்