50 கிலோ கூடினால் என்ன ஆகும்?

சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார். வயது 19. எடை 62 கிலோ. படிக்கும் காலத்தில் நாஃபா தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் எப்போதும் முன்னணியில் இருப்பவர். இப்போது ஹைராக்ஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறார். ‘ஓப்பன்’ பிரிவில் 1 மணி 18 நிமிடத்தில் முடித்திருக்கிறார்.

“டீச்சர், கூட்டாளிகள் எல்லாரும் ‘புரோ’ பிரிவுக்குப் போகிறார்கள். நானும் போகட்டுமா? பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது” என்று கேட்டார்.

புரோ பிரிவில் சேரத் தகுதி நேரம் எதுவும் தேவையில்லை. கட்டணம் கட்டினால் போதும். அதனால் யாரும் நம்மைத் தடுக்கப்போவதில்லை. நாமே முடிவெடுக்க வேண்டும். “முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன்.

போட்டி எப்படி நடக்கும்?

ஹைராக்ஸ் 2017ல் ஜெர்மனியில் உருவானது. 1 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிறகு ஓர் உடற்பயிற்சி. இப்படி எட்டு முறை. எல்லா இடங்களிலும் பயிற்சிகளும் அவற்றின் வரிசையும் ஒன்றே. பனிச்சறுக்கு இயந்திரம், ஸ்லெட் தள்ளுதல், ஸ்லெட் இழுத்தல், பர்ப்பி தாண்டல், படகு இயந்திரம், இரு கைகளிலும் எடை சுமந்து நடத்தல், மணல்மூட்டையுடன் முழங்கால் மடக்கி நடத்தல், கடைசியாகப் பந்தைச் சுவரில் உயரே எறிதல்.

இரு பிரிவிலும் ஓட்டம் ஒன்றுதான், எடைகள்தான் மாறும். ஆண்கள் தள்ளும் ஸ்லெட் ஓப்பனில் 152 கிலோ, புரோவில் 202 கிலோ. கையில் சுமப்பது கைக்கு 24 கிலோவிலிருந்து 32 ஆகிறது. மணல்மூட்டை 20லிருந்து 30, எறியும் பந்து 6லிருந்து 9. பெண்கள் புரோ பிரிவின் ஸ்லெட், ஆண்கள் ஓப்பன் பிரிவின் அதே 152 கிலோ.

ஆக, எடை எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடவில்லை. தள்ளும் ஸ்லெட்டிலும் கைச்சுமையிலும் மூன்றில் ஒரு பங்கு, மூட்டையிலும் பந்திலும் பாதி, ஓட்டத்தில் ஒன்றுமில்லை. மாணவரின் 78 நிமிடங்களில் 42 நிமிடத்துக்கும் மேல் ஓட்டத்திலேயே போயிருந்தது. “அப்படியென்றால் பாதிப் போட்டி மாறவே இல்லையே!” என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

உராய்வு என்ன சொல்கிறது?

ஸ்லெட்டுக்குச் சக்கரம் இல்லை. அது கம்பளத்தின் மேல் உராய்ந்துகொண்டு நகர்கிறது. உராய்வு விசை ஸ்லெட்டின் எடைக்கேற்பக் கூடும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 152 கிலோ ஸ்லெட்டை நகர்த்த 152 × 10 × 0.3 = 456 நியூட்டன் தேவை. 202 கிலோவுக்கு 606 நியூட்டன்.

இப்போது மாணவரைப் பாருங்கள். அவரது எடை 620 நியூட்டன். அவர் முன்னோக்கித் தள்ளும்போது, அவரது காலணி தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தப் பிடிமானமும் உராய்வுதான். ஓப்பனில் தம் எடையில் முக்கால் பங்கு அளவுக்குப் பிடிமானம் கிடைத்தால் போதும். புரோவிலோ ஏறக்குறைய தம் முழு எடையளவு பிடிமானம் வேண்டும். உடலை நன்றாகத் தாழ்த்தி, கம்பியைச் சற்று மேல்நோக்கித் தள்ளினால் கால் தரையை இன்னும் அழுத்தும். பிடிமானம் கொஞ்சம் கூடும். ஆனாலும் 85 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இருக்கும் வசதி இவருக்கு இல்லை. ஹைராக்ஸில் குத்துச்சண்டையைப் போல எடைப் பிரிவுகள் கிடையாது. ஓட்டத்தில் கைகொடுக்கும் இலேசான உடல், ஸ்லெட்டின் முன்னால் பாதகமாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். ஒவ்வொரு முறை ஸ்லெட் நின்றுபோகும்போதும் அந்தக் கூடுதல் விசையை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

தசைக்குள் நடப்பது

எறியும் பந்துக்கு வருவோம். பந்து சுமார் 2 மீட்டர் உயர்கிறது என்றால், 6 கிலோ பந்துக்கு ஒரு முறைக்கு 120 ஜூல். 100 முறைக்கு 12,000 ஜூல். 9 கிலோ பந்துக்கு 18,000 ஜூல். வேலை ஒன்றரை மடங்கு. அப்படியானால் களைப்பும் ஒன்றரை மடங்குதானா? இல்லை, அதைவிட அதிகம்.

இறுகும் தசை தன் ரத்தக் குழாய்களையே நெருக்குகிறது. உச்ச பலத்தில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம் என்றால் ரத்தம் தடையின்றி ஓடும், பிராணவாயு வந்துகொண்டிருக்கும். அந்தப் பங்கு கூடக்கூட ரத்த ஓட்டம் தடைபடும். தசை காற்றில்லாச் சுவாசத்தை மேலும் மேலும் நம்ப வேண்டிவரும், சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஒரு கையால் அதிகபட்சம் 48 கிலோ பிடிக்கக்கூடியவருக்கு 24 கிலோ என்பது பாதி பலம். 32 கிலோ என்பது மூன்றில் இரண்டு பங்கு. எடை 8 கிலோதான் கூடியது. ஆனால் 200 மீட்டர் நடந்து முடிப்பதற்குள் விரல்கள் திறந்துகொள்ளும் அபாயம் பல மடங்கு கூடிவிட்டது.

ஓட்டம் மாறவில்லையா?

மாணவரின் கைப்பேசியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கான நேரமும் இருந்தது. ஸ்லெட்டுக்கு முந்தைய இரண்டாவது கிலோமீட்டர்: 5 நிமிடம். ஸ்லெட் தள்ளிய பிறகு: 5 நிமிடம் 40 விநாடி. ஸ்லெட் இழுத்த பிறகு: 5 நிமிடம் 50 விநாடி. அடுத்தது மீண்டும் 5 நிமிடம் 15 விநாடி.

எண்களைப் பார்த்ததும் அவரே புரிந்துகொண்டார். ஸ்லெட்டின் பாரம் ஸ்லெட்டோடு முடிவதில்லை. அது ஓட்டத்துக்குள்ளும் வருகிறது. ஆகவே “பாதிப் போட்டி மாறவில்லை” என்ற எங்கள் முதல் கணக்கு தவறு.

சோதித்துப் பார்த்தார்

கணக்கு மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும். அந்த வாரக் கடைசியில் பயிற்சியாளர் முன்னிலையில் இரண்டு நாள் சோதித்தார். ஒரு நாள் 1 கிலோமீட்டர் ஓடி, 152 கிலோவை 50 மீட்டர் தள்ளி, மறுபடி 1 கிலோமீட்டர் ஓடினார். மறுநாள் 202 கிலோவுடன் அதையே செய்தார். அதே கம்பளம், அதே காலணி. கம்பளம் மாறினால் உராய்வும் மாறிவிடும் அல்லவா? மாற்றியது எடையை மட்டும்தான். முதல் நாள் களைப்பு கொஞ்சம் மிச்சமிருந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

152 கிலோ நிற்காமல் போனது. 202 கிலோ ஆறு முறை நின்றது. அதற்குப் பிந்தைய கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடி பிடித்தது. கடைசி 10 மீட்டரில் அவரது முதுகு வளைந்ததாகப் பயிற்சியாளர் சொன்னார். எனக்குக் கவலை தந்தது அதுதான். தசைகள் பலம் பெறும் வேகத்தில் தசைநாண்கள் பலம் பெறுவதில்லை. அவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டும். உருக்குலைந்த நிலையில் பாரம் தள்ளினால் காயம்தான் மிஞ்சும்.

அவர் ஓப்பனிலேயே பதிவுசெய்தார். ஆறு மாதம் கால் பலத்துக்குப் பயிற்சி எடுத்துவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்யப்போகிறார். கூட்டாளிகள் கிண்டல் செய்தார்களா என்று கேட்டேன். “செய்தார்கள், டீச்சர். ஆனால் அந்த ஆறு முறையும் ஸ்லெட்டின் முன்னால் நின்றது நான்தானே” என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு பெட்டியில் புத்தகங்களை அடுக்கி, விசைமானியால் மேசைமேல் மெதுவாக இழுங்கள். நகரத் தொடங்கும் கணத்தில் எவ்வளவு விசை? சீராக நகரும்போது எவ்வளவு? புத்தகங்களை இரு மடங்காக்கி மறுபடி அளந்து பாருங்கள். பிறகு பெட்டிக்கு அடியில் ஒரு துணியை விரித்து இழுங்கள். எந்த எண் மாறுகிறது, ஏன் என்று குறித்துவையுங்கள்.