கவுன்சலிங்கா, கோச்சிங்கா? பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் கவனியுங்கள்

மூன்றே நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்று சொல்லும் பயிற்சி விளம்பரங்கள் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. லைஃப் கோச், மைண்ட் கோச், மோட்டிவேஷன் ட்ரெய்னர் என்று பல பெயர்கள். இன்னொரு பக்கம் கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், மனநல டாக்டர். படித்து முடித்த மகன் வேலைக்கும் போகாமல் அறையிலேயே முடங்கிக் கிடந்தால், இதில் யாரிடம் அழைத்துப் போவது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். பல வீடுகளில் கடைசியில் வெட்கம்தான் முடிவெடுக்கிறது. 'கோச்சிங் போகிறான்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடலாம். 'மனநல டாக்டரிடம் போகிறான்' என்றால் நாளைக்கு நிக்காஹ் பேச்சு எடுக்கும்போது தடையாகும் என்று உம்மா பயப்படுகிறார். இந்தப் பயத்தில் எடுக்கும் முடிவால் பணமும் போகும், பல மாதங்களும் போகும்.

கோச்சிங் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர் 1974-இல் எழுதிய புத்தகம் அதற்கு ஒரு தொடக்கம். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் 1992-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் அது அலுவலகங்களுக்குள்ளும் பரவியது. என்ன இலக்கு, இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதைச் செய்யப் போகிறோம் என்று நான்கு படிகளில் கேள்வி கேட்பார்கள். பதில் உங்களிடமே இருக்கிறது என்பது இதன் அடிப்படை. நோயைக் கண்டறிவது கோச்சின் வேலை அல்ல.

உளவியல் சிகிச்சை மனத்துன்பத்தையும் மனநோயையும் குறைப்பதற்கானது. அதிகம் பயன்படும் முறைகளில் ஒன்றை 1960-களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கினார். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வரும்போது அதை எழுதி வைத்து, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று சிகிச்சையாளருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். விட்டுவிட்ட அன்றாட வேலைகளையும் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை வீதம் 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

சிகிச்சை பழையதைக் கிளறும், கோச்சிங் எதிர்காலத்தைப் பார்க்கும் என்று சிலர் பிரித்துச் சொல்கிறார்கள். கேட்க எளிதாக இருந்தாலும் அது சரியில்லை. பெக்கின் முறையே இன்றைய எண்ணங்களைத்தான் பார்க்கிறது. தூக்கம், பசி, அன்றாட வேலை ஆகிய மூன்றும் எப்படி இருக்கின்றன என்று கவனிப்பதுதான் வீட்டில் நாமே செய்யக்கூடிய நல்ல சோதனை. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வோ, எதிலும் நாட்டமில்லாத நிலையோ நீடித்து, இந்த மூன்றும் குலைந்திருந்தால் கோச்சிடம் போகும் நேரம் அல்ல அது.

45 வயதில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். கடை வைப்பதா, மறுபடியும் வெளிநாடு போவதா என்று தெரியவில்லை. ஒரு நல்ல கோச் அவருக்கு உதவக்கூடும். அனுபவமுள்ள ஒரு வியாபாரியே போதும் என்றாலும் தவறில்லை.

அறையில் முடங்கிய அந்த மகன் கதை வேறு. விடியும்வரை தூக்கமில்லை, குளிப்பதில்லை, ஜும்ஆவுக்குக்கூட வெளியே வருவதில்லை. வாப்பா அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். அவனிடம் தினமும் ஐந்து மணிக்கு எழு, பத்து இலக்கு எழுது என்றால் அவனால் முடியாது. முடியாததற்காகவும் தன்னையே நொந்துகொள்வான். பிரசவத்துக்குப் பிறகு பல வாரங்களாக அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கும் தேவை ஊக்கப் பேச்சு அல்ல, மருத்துவம். தைராய்டு குறைவுகூட இப்படிச் சோர்வாகத் தெரியலாம். அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். எது தேவை என்று புரியவில்லை என்றால் முதலில் டாக்டரிடமே போங்கள். நோய் எதுவும் இல்லை என்று அவர் சொன்னால் ஒரு நாள்தான் செலவு.

இது அபூர்வமான பிரச்சினையும் அல்ல. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

அடுத்தது தகுதி. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் தர வேண்டும். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் நம்பாமல் என்ன படித்தார் என்று கேளுங்கள். கோச்சுக்கு நம் நாட்டில் உரிமம் எதுவும் கிடையாது. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தன் தொடக்கநிலைச் சான்றுக்குக் குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் கேட்கிறது. அதுவும் விரும்பினால் பெறும் சான்றுதான்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. கோச்சிடம் சொல்வதற்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. மூடிமறைக்கத்தான் கோச்சிங் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல கோச், தன் வேலைக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுவார். சிகிச்சையில் தேறியவர் பிறகு கோச்சிடம் போவதும் உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும், முதல் வகுப்பு முடிந்தவுடன் அடுத்த நிலைக்குப் பெரிய தொகை கட்டச் சொல்லி நெருக்குபவரிடமும் மறுபடி போகாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. நேரில் போகத் தயக்கம் இருந்தால் டெலி மனஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.