பெயர் இல்லையென்று கணனி சொன்னால்...

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை பெயர்கள்? பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ராமாயி. அடையாள அட்டையில் இராமாய். செக்ரோலில் கிளார்க் ஐயா ஆங்கிலத்தில் எழுதியபடி வாசித்தால் ரமாயே. மூன்றும் ஒருவரே என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கணனிக்குத் தெரியாது.

இது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் சேர வேண்டும். வேலையிலிருந்து விலகும் பெண் 50 வயதில் அதைக் கோரலாம். பெயரோ இலக்கமோ ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. கொழுந்து பறித்துச் சேர்த்த காசுக்காக ஹட்டனுக்கும் தோட்டத்துக்கும் பஸ் ஏறியே களைத்துப்போன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் மகளிர் குழு ஒரு நல்ல வேலை செய்தது. ஓய்வுபெற்ற பெண்களின் அடையாள அட்டை விபரங்களை ஒரு தாளிலும், சேமலாப நிதிப் பத்திரங்களில் உள்ளவற்றை மற்றத் தாளிலும் எக்செலில் பதிந்தார்கள். உயர்தரம் படித்த ஒரு பிள்ளை ‘வீலுக்கப்’ சூத்திரத்தைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டாள். பாதிக்கு மேல் ‘என்.ஏ’ என்று வந்தது. அதாவது, கிடைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த வயதான அம்மாவுக்குக் கோபம். “என்னா மிஸ், இத்தன வருசம் கூட சொமந்தவ பேரு இல்லேங்குதே இது!”

“இருங்க அம்மாயி, பேர விட்டுட்டு நம்பர வச்சுப் பாப்போம்” என்றாள் பிள்ளை.

சரியான யோசனைதான். ஆனால் இலக்கத்திலும் சிக்கல் உண்டு. 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள எண் வந்தது. பழையதில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். ஒரு தாளில் பழையதும் மற்றதில் புதியதும் இருந்தால் பொருந்தாது. பழையதைப் புதியதாக்குவது கடினமல்ல: முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கங்கள், ஒரு பூச்சியம், மீதி நான்கு இலக்கங்கள்; கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். (மூன்றாம், நான்காம், ஐந்தாம் இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருப்பார்கள். 500க்குக் குறைவாக இருந்தால் பதிந்தவர் பிழை விட்டிருக்கிறார் என்று அங்கேயே பிடித்துவிடலாம்.)

இதன் பின்னும் சில பொருந்தவில்லை. ஒரு தாளில் இலக்கம் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றது, மற்றதில் வலப்பக்கம். இடப்பக்கம் நிற்பதைக் கணனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது, வலப்பக்கம் நிற்பதை எண்ணாக. நம் கண்ணுக்கு ஒன்று, அதற்கு வேறு. இரண்டு நிரல்களையும் ஒரே வகையாக மாற்ற வேண்டும். எழுத்தின் பின்னால் தெரியாமல் விழுந்த இடைவெளியும் இப்படித்தான் கெடுக்கும். அதை ‘ட்ரிம்’ நீக்கும்.

‘என்.ஏ’ வந்தால் பரவாயில்லை, தேடிப் பார்ப்போம். எனக்குப் பயம் பிழையான விடை பேசாமல் வந்து நிற்பதில்தான். சூத்திரத்தின் கடைசியில் ‘ஃபோல்ஸ்’ என்று போடாவிட்டால் கணனி கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். வரிசையாக உள்ள பட்டியலில் 215 இல்லையென்றால் 214க்குரியவரின் தொகையைக் காட்டிவிடும். ஒருத்தியின் காசு இன்னொருத்தியின் பெயருக்கு நேரே! ஒரே பெயரில் மூன்று லெட்சுமி இருந்தாலும் முதல் லெட்சுமியை மட்டுமே அது காணும்.

உறுப்பினர் இலக்கம் மட்டும் போதாது என்பதையும் அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள். அந்த இலக்கம் தொழில் தருநருக்குள்தான் தனியானது. தொழில் தருநர் மாறினால் இலக்கமும் மாறும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனதை நினைத்துப் பாருங்கள். ஆகவே தொழில் தருநர் இலக்கத்தையும் உறுப்பினர் இலக்கத்தையும் ஒட்டி ஒரு புதிய நிரலாக்கி அதைக்கொண்டு தேடினாள்.

பெயர் வித்தியாசத்துக்கு மட்டும் எந்தச் சூத்திரமும் உதவாது. இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு நிரலைச் சேர்த்து, செக்ரோலில் உள்ளதை எழுத்துக்கூட்டியபடியே அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். கடதாசி எழுதுபவருக்கு அது உதவியாக இருக்கிறது.

கூடை சுமந்த அம்மாவின் பெயர் கிடைத்துவிட்டது. ஒரு இடைவெளிதான் மறைத்திருந்தது. இன்னும் நான்கு பேருடையது கிடைக்கவில்லை. அவர்களின் பழைய சம்பளச் சீட்டுகளை டிரங்குப் பெட்டிகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.