படப்புத்தகத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

சிறு குழந்தைகளுக்கான படப்புத்தகத்தில் எழுத்து குறைவு. கதையில் பாதியைப் படமே சொல்லிவிடும். நாயகி என்ன நிறம், அவள் வீடு ஓலையா மாடியா, தட்டில் என்ன சாப்பாடு, அம்மா என்ன வேலைக்குப் போகிறாள் என்பதெல்லாம் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் தெரிந்துவிடும். யாரெல்லாம் படத்தில் வருவதே இல்லை என்பதும் அப்படியே மனதில் பதியும். சாதி, மதம், நிறம், மொழி, உடற்குறை என்று எதையும் காரணம் காட்டி யாரையும் விட்டுவிடாத புத்தகங்களைக் குழந்தைகளோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று கல்வியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் உவமை தந்தது. குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாகவும் புத்தகம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

செம்பரம்பாக்கம் போன்ற ஊரில் இரண்டுக்குமே தேவை அதிகம். ஏரிக்கரைக் கிராமமாக இருந்த இவ்வூர், இப்போது பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சென்னைப் புறநகர். மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலத் தொழிலாளர்கள் வந்து தங்குகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் வேலை செய்கின்றன. தெலுங்கு பேசும் குடும்பங்களும் இருளர் குடியிருப்புகளும் இம்மாவட்டத்தில் உண்டு. அருகிலுள்ள பூந்தமல்லியில் பார்வையற்ற குழந்தைகளுக்கான அரசுப் பள்ளி இயங்குகிறது. இத்தனை பேரும் இருக்கும் ஊரில் வளரும் குழந்தையின் கையில், சிவந்த நிறத்து இளவரசியும் மாடி வீட்டுப் பையனும் மட்டுமே வரும் கதைகள் இருந்தால், அவை பாதி ஊரைக்கூடக் காட்டுவதில்லை.

நல்ல புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. 1994-இல் தொடங்கிய தாரா, 1996-இல் தொடங்கிய தூலிகா இரண்டுமே சென்னைப் பதிப்பகங்கள். தூலிகா தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. மகாசுவேதா தேவி எழுதிய கதை ஒன்றில், ஆடு மேய்க்கும் சபர் பழங்குடிச் சிறுமி மொய்னா எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்கிறாள். தாரிணி விஸ்வநாத்தின் கதையில் திப் திப் என்ற சிறுமி தோழியின் பூனையைத் தேடி அலைகிறாள். அவள் சக்கர நாற்காலியில் இருப்பவள்; ஆனால் கதை முழுக்கப் பூனையைப் பற்றியதுதான். ஜாய் விட்டேகரின் ‘கண்ணா பண்ணா’வில் குகைக் கோயிலில் விளக்கு அணைந்துவிட, பார்வையில்லாத சிறுவனே மற்றவர்களை வெளியே அழைத்து வருகிறான். கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்களையே புத்தகமாக்கிய தாரா, அதற்காக 2008-இல் இத்தாலியின் போலோனியா விருதைப் பெற்றது. ஹைதராபாதின் அன்வேஷி ஆய்வு மையம், தலித், முஸ்லிம் குழந்தைகளின் வாழ்விலிருந்து எடுத்த கதைகளைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் கொண்டுவந்தது.

இந்தக் கதைகளிலிருந்தே தேர்வுக்கான அளவுகோலும் கிடைக்கிறது. வேறுபட்ட குழந்தை குறும்பு செய்கிறதா, முடிவெடுக்கிறதா, தவறுகூடச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறருடைய இரக்கத்தைப் பெறுவதற்கோ நீதி புகட்டுவதற்கோ மட்டும் அது கதைக்குள் வந்தால், அந்தப் புத்தகம் தேவையில்லை. கடைசிப் பக்கத்தில் குறை நீங்கிய பிறகுதான் மற்றவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதையும் தவிர்க்கலாம். வில்லன் மட்டும் கறுப்பாகவோ குண்டாகவோ வரையப்பட்டிருக்கிறானா என்று படங்களையும் தனியே கவனிக்க வேண்டும்.

வாசிக்கும் முறையும் முக்கியம். பெற்றோர் வரிவரியாகப் படித்து முடிப்பதைவிட, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு, குழந்தை சொல்வதை வாங்கி அதன்மேல் இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பேசுவது மொழி வளர்ச்சிக்கு உதவுகிறது என்று 1980-களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. “அந்த அக்கா ஏன் சேர்லயே இருக்காங்க?” என்று குழந்தை உரக்கக் கேட்டால் வாயைப் பொத்தக் கூடாது. “அவங்களால நடக்க முடியாதும்மா, அதனால சக்கர நாற்காலியில போறாங்க” என்ற நேரான பதில் போதும். பதில் கிடைத்த குழந்தை கதைக்குத் திரும்பிவிடும். அதட்டினால், அது பேசக் கூடாத விஷயம் என்று கற்றுக்கொள்ளும். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று தேர்வு வைக்க வேண்டியதில்லை. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுபவர்கள், தமிழ்ப் புத்தகத்தின் படங்களை வைத்துத் தம் மொழியிலேயே கதை சொல்லலாம்.

செலவும் பெரிய தடையல்ல. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் குறைந்த விலையில் புத்தகம் போடுகிறது. அதன் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் தமிழ் உட்பட பல மொழிக் கதைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

வீட்டிலிருக்கும் கதைப் புத்தகங்களைக் குழந்தையோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டி, அவற்றில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தெருவில் இருந்தும் புத்தகத்தில் இல்லாதவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து வாங்கும் புத்தகத்தில் அவர் இருக்கட்டும்.