கட்டடப் பணியிற் காலதாமதம்

கட்டடப் பணியொன்று பிந்தியவிடத்து, பிந்திய நாட்களை எண்ணுதல் மட்டும் ஆராய்ச்சியாகாது. ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கவேண்டிய வேலைகளின் மிக நீண்ட தொடரே முடிவுநாளை நிர்ணயிக்கும். அத்தொடரில் நேரும் தடையே முழுப்பணியையும் பிற்படுத்தும். அவுஸ்திரேலியாவின் சிட்னி இசைநாடக மண்டபம் இதற்குத் தக்க சான்றாகும். 1963 இல் முடியுமெனக் கருதப்பட்ட அது 1973 இலேயே திறக்கப்பட்டது. கூரையின் அமைப்பு முடிவாகுமுன்னரே, 1959 இல் அடித்தளவேலை தொடங்கப்பெற்றது. பின்னர், கூரையின் பாரத்தைத் தாங்கும் வலிமையற்ற தூண்கள் இடித்து மீளக் கட்டப்பட்டன. எனவே, அவசரமாகத் தொடங்கியமையே தாமதத்தின் பெருங்காரணங்களுள் ஒன்றாயிற்று. தாமதம் வெளிப்படும் இடமும் அது பிறந்த இடமும் வேறாகலாம். இதனை உணராதார் நட்டத்தின் பொறுப்பைப் பிழையற்றோர்மீது சுமத்துவர்.